புடவைக்கடை வீட்டில் பழந்துணி

ஸெய்னுலாப்தீன் கொண்டுபோய்க் கொடுத்த துணி தண்ணீரைக் குடிக்கவில்லை.

அது நல்ல துணி. கடையில் இருந்த மல் துணியிலேயே உயர்ந்தது. பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, பிள்ளை பிறந்த அன்றே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார். எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. மாத்தளையில் இரண்டு தலைமுறையாகப் புடவைக்கடை நடத்தும் வீட்டின் முதல் பிள்ளை. துணியில் குறை வைக்கக் கூடாது என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் பார்க்கப் போனபோது பன்னிரண்டும் கட்டிலின் கால்மாட்டில் மடித்தபடி இருந்தன.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் ஹமீமா.

"ஏன்?"

"கஞ்சி."

"ஒரு தரம் அலசினா சரிதானே."

"மூணு தரம் அலசியாச்சு. புள்ள ஒண்ணுக்கு விட்டா துணிக்கு மேலால ஓடி முதுகுக்குப் போகுது. இங்க பாருங்க."

பிள்ளையின் காலைத் தூக்கிக் காட்டினாள். தொடை இடுக்கு சிவந்திருந்தது. ஹமீமாவுக்கு ஆபரேசன் நடந்திருந்தது. நிமிர்ந்து உட்கார முடியாது. பத்து நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் ஏழு நாள் இருந்தது.

"மிஸ்ஸி ஏசினாங்க," என்றாள். தாதியை ஆஸ்பத்திரி வாட்டில் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் சொன்னார்கள். "புடவைக்கடை முதலாளிக்குத் துணி தெரியாதான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"விக்க மட்டும் தெரியும்னு சொன்னேன்."

அடுத்த கட்டிலில் இருந்த பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புஷ்பவதி. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுக்கும் பெண் பிள்ளை, இரண்டு நாள் மூத்தது.

"புதுப் புள்ளைக்குப் புதுத் துணி போடக் கூடாதுங்க மொதலாளி," என்றாள் புஷ்பவதி. "முப்பது நாள் கழியணும். அதுவரைக்கும் பழசுதான்."

பிள்ளைக்கு இப்போது ஒரு மங்கல் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஸெய்னுலாப்தீன் தொழில் பழக்கத்தில் அதன் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மெதுவாக, மெத்தென்று இருந்தது. எந்த ஆலைத் துணி என்று விரலுக்குப் பிடிபடவில்லை.

"என்ன துணி இது? பழைய வேட்டியா?"

"மா சாக்குங்க. கோதும மா வருமே, அந்த சாக்கு. பிரிச்சு, சாம்பல் போட்டு அவிச்சது. எங்க மூத்தவனுக்கும் இதான் கட்டுனோம்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

மா சாக்கை உடுக்கிறவன் புதுத் துணி வாங்கமாட்டான். மா சாக்கில் சட்டை தைத்துப் போட்டு யாராவது கடைக்குள் வந்தால் அவருடைய வாப்பா, "மாவைத் தின்னுங்க, சாக்கை உடுக்காதீங்க" என்பார். வாப்பா மௌத்தான பிறகு ஸெய்னுலாப்தீனும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கையை எடுக்காதீங்க," என்றாள் ஹமீமா. "ரெண்டு நாளா உங்க மக அதுலதான் தூங்குறா."

துணியின் மடிப்பில் நீல எழுத்து பாதி தெரிந்தது. எத்தனை தரம் அவித்தும் போகாத எழுத்து.

"இவ கிட்ட இருக்கிறதே எட்டு. அதுல நாலை எனக்குத் தந்திருக்கா. அலசிறதும் இவதான். மழையில ஒண்ணும் காயுதில்ல. நாளைக்கு இவளுக்கு டிக்கட் வெட்டி ஆஸ்பத்திரியில இருந்து விடுறாங்க. பின்நேரம் அஞ்சரை பஸ்ஸுல வீட்டுக்குப் போயிருவா."

"நாலையும் நீங்களே வச்சுக்குங்கக்கா."

"பேசாம இரு புள்ள. உன் புள்ளைக்கு வாழை இலையா கட்டுவ?"

புஷ்பவதி மறுபடியும் சிரித்தாள். ஹமீமா சிரிக்கவில்லை. வயிற்றுத் தையல் சிரிக்க விடாது. அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வரக்குள்ள ஒரு டசன் பழந்துணி வேணும். நல்லா உடுத்து நைஞ்சது."

"நம்ம வீட்டுல ஏது..."

"நம்ம வீட்டுல இல்லன்னு தெரியும். யாருகிட்டயாவது கேளுங்க."

அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கேட்க வராது. எட்டு வருஷத்தில் அவர் ஒருவரிடமும் ஒரு தீப்பெட்டி கேட்டதை ஹமீமா கண்டதில்லை.

"கேப்பீங்களா?"

"பார்ப்போம்," என்றார்.

*

புடவைக்கடைக்காரன் பழசு உடுத்தால் அவனிடம் யார் புதுசு வாங்குவார்கள் என்பது வாப்பாவின் கணக்கு. ஒவ்வொரு நோன்பு கடைசியிலும் வீட்டு அலுமாரிகள் எல்லாம் காலியாகும். ஒரு வருஷம் உடுத்த சாரம், சட்டை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெருநாளுக்குப் புதிதாக எடுப்பார்கள். கடையில் நிற்பவர்களுக்கும் அதே சட்டம்தான். ஸெய்னுலாப்தீனின் முப்பத்தெட்டு வயதில் அவர் உடம்பில் எந்தத் துணியும் பதின்மூன்று மாதம் தாண்டியதில்லை.

அன்று அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு அலுமாரிகளைத் திறந்து பார்த்தார். ஹமீமாவின் சாரிகள் நைலக்ஸ். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்கும். அவர் இடுப்பில் உடுக்கும் சாரங்களில் இன்னும் கஞ்சி மணம் இருந்தது. குசினிக்குள் போனார். சட்டி இறக்கும் துணிகூடக் கடையில் வெட்டி மிஞ்சிய புதுத் துண்டு.

ஹமீமாவின் தாய் வீடு கலேவெலயில். வயல்காரர்கள். அங்கே பெட்டி நிறையப் பழந்துணி இருக்கும். ஆனால் கலேவெலப் பாதையில் தண்ணீர் ஏறி மூன்று நாளாகப் பஸ் இல்லை.

பக்கத்து வீடு உம்மு குல்தூமுடையது. ஏழு பிள்ளைகள். மழையிலும் அவள் வீட்டுக் கொடியில் துணி தொங்கும். குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க தம்பி. புள்ள எப்படி? ஹமீமா பால் குடுக்குறாளா?"

"நல்லாயிருக்காங்க. குடுக்குறா."

"ஏதும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்," என்றார்.

வாய் தானாகச் சொன்னது. அவள் கதவைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

பிறகு மல் துணிகள் பன்னிரண்டையும் பானையில் போட்டு அவித்தார். கல்லில் அடித்தார். அவர் துணி துவைத்தது அதுதான் முதல் தரம். அடுப்புக்கு மேல் காயவைத்து, ஒன்றை விரித்து, நடுவில் கையால் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். கொஞ்சம் உள்ளே போனது. மிச்சம் மேலே நின்று அவரைப் பார்த்தது.

இன்னொரு தரம் அவித்தார். பல வருஷம் உடுத்தால் வருவது இரண்டு கொதியில் வரவில்லை.

*

காலையில் கடை திறந்ததும் வந்த முதல் ஆள் ஸக்கரியா. பலாபத்வலையில் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர். மழையில் முழங்கால்வரை நனைந்திருந்தார்.

"மகளுக்குப் புள்ள கெடச்சிருக்கு முதலாளி. பன்னெண்டு மணிக்குப் பார்க்க விடுவாங்க. ஒரு சாரம் எடுங்க. இதோட போய் நின்டா மருமகன் வீட்டு ஆக்கள் சிரிப்பாங்க."

கடையில் வேலை செய்யும் அப்துல் ஸமத் சாரங்களை எடுத்து மேசையில் விரித்தார். ஸெய்னுலாப்தீன் விரித்த சாரங்களைப் பார்க்கவில்லை. ஸக்கரியா உடுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் நீலக் கட்டம் போட்ட சாரம். இப்போது கட்டம் எது, வெளி எது என்று தெரியவில்லை. நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தண்ணீரை நன்றாகக் குடித்திருந்தது.

மேசையைச் சுற்றி வந்து குனிந்து அதன் ஓரத்தை விரலில் பிடித்துத் தேய்த்தார். ஸக்கரியா ஓரடி பின்னால் போனார்.

"இதை எத்தன வருஷமா உடுக்கிறீங்க?"

"ஏன்?"

"சும்மா சொல்லுங்க."

"ஏழு இருக்கும். போன தரம் வந்த நேரம் நீங்கதானே சொன்னீங்க, இதை அடுப்புத் துடைக்கப் போடுங்கன்னு."

"இதைக் கழட்டி எனக்குத் தாங்க. புதுசு ரெண்டு தாறேன். சும்மா எடுத்துட்டுப் போங்க."

ஸக்கரியாவின் முகம் மாறியது.

"ஸதகாவா?"

"இல்ல, அது வந்து..."

"பிச்சைக்கு வந்த ஆள் மாதிரித் தெரியுதா? ஏழு வருஷம் உடுத்தாலும் என் காசுல எடுத்தது. உங்க வாப்பா நக்கலாச் சொன்னாரு, பொறுத்துக்கிட்டோம். நீங்க கையை வச்சே பார்க்குறீங்க."

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். குடை கடை வாசலில் தொங்கிய துணியில் இடித்தது. அதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்துல் ஸமத் சாரங்களை மடிக்கத் தொடங்கினார்.

"என்ன முதலாளி நடந்துச்சு?"

"பழந்துணி கேட்டேன்."

"கேட்ட மாதிரி இல்லையே. குடுத்த மாதிரில்ல இருந்துச்சு."

"உங்க வீட்டுல இருக்கா ஸமத் நானா? பழைய சாரம் ஏதாவது?"

சொன்ன பிறகுதான் கேட்டுவிட்டது தெரிந்தது. அண்ணன் மாதிரி இருந்த ஸமத் நானாவிடம் என்பதால் வந்துவிட்டது.

"எப்படி இருக்கும்? பெருநாளைக்குப் பெருநாள் புதுசைத் தந்து பழசை நீங்களே மூட்டை கட்டிடுறீங்களே. என் பொண்டாட்டி வீடு துடைக்கத் துணி இல்லன்னு பன்னிரண்டு வருஷமா ஏசுறா." சாரத்தை அடுக்கில் வைத்தார். "உங்களுக்குச் சொல்லவும் முடியாது. நீங்க குடுக்குற முதலாளி."

*

பதினொன்றரைக்கே ஆஸ்பத்திரி வாசலில் ஆண்கள் கூடியிருந்தார்கள். பன்னிரண்டுக்குத்தான் திறப்பார்கள். தூறல். எல்லோரும் மாரா மரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். ஸெய்னுலாப்தீன் கையில் ஒரு பார்சலுடன் வந்தார். அதில் மல் துணிகளும் இரண்டு புதுச் சாரங்களும் இருந்தன.

மரத்தின் அந்தப் பக்கம் ஸக்கரியா நின்றார். அதே பழைய சாரம். இவரைக் கண்டதும் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"பாப்பா எப்படிங்க மொதலாளி?" என்றான் அழகமுத்து. புஷ்பவதியின் புருஷன். மனைவியை வீட்டுக்குக் கூட்டிப் போகத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்திருந்தான். நெற்றியில் திருநீறு, தலையில் வெள்ளைத் துண்டு.

"நல்லாயிருக்கு" என்று சொல்ல வாய் போனது. நிறுத்திக்கொண்டார்.

"அழகமுத்து."

"சொல்லுங்க."

"என் புள்ளைக்குக் கட்டத் துணி இல்ல."

"என்னாங்க?"

"துணி இல்ல. பழந்துணி." குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "வீட்டுல ஒண்ணுகூட இல்ல. புதுசைக் கட்டி இடுப்பெல்லாம் செவந்து போச்சு. உன் பொண்டாட்டி தந்த துணியிலதான் ரெண்டு நாளாக் கெடக்குது. உன்கிட்ட ஏதும் இருந்தா தா."

மரத்தடியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, புடவைக்கடையில துணி இல்லையாம்!" என்றார் நாவுலயிலிருந்து வந்திருந்த ஒரு வெங்காயக்காரர். "கேட்டீங்களா? தெருவுல தொங்குறது எல்லாம் பின்ன என்னவாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸெய்னுலாப்தீனுக்கும் சிரிப்பு வந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை.

அழகமுத்து தலைத் துண்டை அவிழ்த்தான். "வேட்டியில பாதிங்க இது. மத்தப் பாதி கிழிஞ்சு போச்சு. அவிச்சுட்டுக் கட்டுங்க. என் தல பட்டது."

"மூணு வரும்," என்றார் ஸெய்னுலாப்தீன், துண்டை நீளவாக்கில் பிடித்துப் பார்த்து.

வெங்காயக்காரர் சிரிப்பை நிறுத்தாமலே தன் பையைக் கவிழ்த்தார். வெங்காயம் கட்டி வந்த வெள்ளைத் துணியை உதறி நீட்டினார். "இந்தாங்க, ரெண்டு வரும். புள்ள கொஞ்ச நாள் வெங்காயம் மணக்கும். மணந்தா என்ன?"

அப்போது ஸக்கரியா மரத்தைச் சுற்றி வந்தார்.

"கடையில இதைச் சொல்லியிருக்கலாமே?"

"வரல்ல."

"என்ன வரல்ல?"

"வாய்."

ஸக்கரியா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையில் தூறல், கையில் வெங்காயத் துணி.

"ஆம்புளப் புள்ளையா?"

"பொம்புளப் புள்ள."

"எனக்கும் பேத்திதான்." பார்சலைக் கண்ணால் காட்டினார். "அதுல சாரம் வச்சிருக்கீங்களா?"

"ரெண்டு இருக்கு."

"ஒண்ணு போதும். பழசுக்குப் புதுசு. இது யாவாரம், சரியா?"

"சரி."

புதுச் சாரத்தைத் தலைவழியாகப் போட்டு இடுப்பில் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த பழசை நழுவவிட்டார். குனிந்து எடுத்து, சேற்றை உதறி, நாலாக மடித்துக் கொடுத்தார். ஈரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது.

"கிழிச்சா நாலு வரும்," என்றார்.

"ஆறு," என்றார் ஸெய்னுலாப்தீன். "ரெண்டு கெஜம். எனக்குத் தெரியும்."

*

பன்னிரண்டு மணிக்கு உள்ளே போய்த் துணிகளைத் தூரத்தில் இருந்தே காட்டினார். "அஞ்சு மணிக்கு அவிச்சுக் கொண்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஹமீமா ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவர் அதற்குள் போய்விட்டார்.

நேரே உம்மு குல்தூம் வீட்டுக்குப் போனார். அவளை அக்கா முறையில் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"தாத்தா, இதை அவிச்சுக் காயவைக்கணும். எனக்குச் சரியா வருதில்ல. உதவி செய்வீங்களா?"

அவள் துணியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நேத்து மழைக்குள்ள வந்து நின்டது இதுக்கா?"

"ஓம்."

"ஏழு பெத்தவ வீட்டு வாசல்ல நின்டுட்டு ஒண்ணும் வேணாமாம்," என்றாள். "உள்ள வாங்க. சவுக்காரத்தைச் சீவுங்க. சும்மா நிக்க வேணாம்."

அவர் சவுக்காரம் சீவினார். அவள் அவித்தாள், அடித்தாள், பிழிந்தாள். சாரத்தைக் கிழிக்கும் வேலையை மட்டும் அவர் வாங்கிக்கொண்டார். புதுத் துணி கிழியும்போது கத்தும். கடைத் தெருவுக்கே கேட்கும். இது சத்தமில்லாமல், விரல் போன வழியில் பிரிந்தது. ஸ்திரிக்கைப் பெட்டியில் சிரட்டைக் கரி போட்டு ஒவ்வொன்றாக இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்துக் காயவைத்தார்கள்.

ஐந்து மணிக்குத் துணிகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மல் துணிப் பார்சலையும் எடுத்துக்கொண்டு போனார். மழை இன்னும் விடவில்லை.

ஹமீமா ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தன.

"இது யாருட?"

"பலாபத்வல ஸக்கரியாட சாரம். அது அழகமுத்துட தலைத் துண்டு."

"இது?"

"மணந்து பாரு."

மணந்து பார்த்தாள். தையல் வலித்தாலும் சிரித்தாள். "எத்தன பேரிட்ட கேட்டீங்க?"

"மூணு பேரு தந்தாங்க. அவிச்சது உம்மு குல்தூம் தாத்தா."

"அவ்வளவு பேரிட்டயா?"

அவர் தலையாட்டினார். ஹமீமா எண்ணினாள். "பதினொண்ணு. டசன்னுதானே சொன்னேன்?"

புஷ்பவதி போகத் தயாராக இருந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டபடி, கொடுத்த நான்கு மா சாக்குத் துணிகளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அழகமுத்து குடையுடன் வாட்டுக்கு வெளியே நின்றான்.

ஸெய்னுலாப்தீன் அவள் பக்கம் திரும்பினார்.

"புள்ள, அதுல ஒண்ணு எனக்குத் தருவியா?"

"எதுங்க?"

"மா சாக்கு. அந்த நீல எழுத்து போட்டது."

புஷ்பவதி ஹமீமாவைப் பார்த்தாள். ஹமீமா இந்தத் தரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீல எழுத்துத் துணியைத் தேடி எடுத்துப் புஷ்பவதி இரண்டு கையாலும் நீட்டினாள். அவரும் இரண்டு கையாலும் வாங்கினார்.

பிறகு மல் துணிப் பார்சலை அவளிடம் கொடுத்தார். "முப்பதுக்குச் சட்டை தை. ரெண்டு தரம் அவிச்சிருக்கேன். கஞ்சி கொஞ்சம் போயிருக்கும்."

"நீங்களாங்க அவிச்சீங்க?"

"மோசமாத்தான் அவிச்சேன்."

அவள் போகும்போது ஹமீமாவின் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள். கதவருகில் நின்று, "கட்டுறப்ப முடிச்சு முன்னுக்கு வரணுங்கக்கா, மறந்துறாதீங்க" என்றாள். ஹமீமா தலையாட்டினாள். அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிப் பார்ப்போமா?" என்றார் ஸெய்னுலாப்தீன்.

"நீங்களா?"

"சொல்லித் தா."

அவர் கெஜக்கோலும் கத்தரியும் பிடித்த கைகள். முக்கோணமாக மடித்தார். பிள்ளையின் காலைத் தூக்கப் பயந்தார். ஹமீமா படுத்தபடியே சொல்லச் சொல்ல, முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. நீல எழுத்து சரியாகப் பிள்ளையின் பின்பக்கம் உட்கார்ந்தது.

"புடவைக்கடை முதலாளிட மக," என்றாள் ஹமீமா. "மா சாக்குல."

"மெதுவா இருக்கில்ல."

பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது கண்ணைத் திறக்காமல் வாயைச் சப்பியது. கொஞ்ச நேரத்தில் அவருடைய உள்ளங்கையில் சூடு தெரிந்தது. துணி குடித்தது. குடிக்க முடிந்த மட்டும் குடித்துவிட்டு மிச்சத்தை அவருடைய சாரத்தில் விட்டது. பெருநாளைக்கு எடுத்த வெள்ளைச் சாரம். தொடைக்கு மேல் ஒரு மஞ்சள் வட்டம் மெல்லப் பெருத்தது.

"ஐயோ, சாரம்," என்றாள் ஹமீமா. "கடையில புதுசு எத்தனையோ இருக்கே. போய் மாத்திட்டு வாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

"இருக்கட்டும்," என்றார். "பழசாகட்டும்."